பழைய டர்போவா, புதிய டர்போவா?

சில வாரங்களுக்கு முன்பு என் பழைய மாணவர் ஒருவர், செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தார். பிரித்துப் பார்த்தபோது உள்ளங்கையில் அடங்கும் ஓர் எஃகு அச்சுத்தண்டு. அதன் ஒரு முனையில், கருகிப்போன இதழ்களுடன் ஒரு சிறு சக்கரம். அவர் கோவையில் மோட்டார் பம்புகளுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறை நடத்துபவர். இருபது வயதான, 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின் கொண்ட ஐரோப்பிய கார் ஒன்றைப் பிள்ளையைப் போலப் பராமரித்து வருகிறார். அந்தக் காரின் டர்போசார்ஜர் பழுதாகி, புகைக்குழாய் நீலப்புகை கக்கத் தொடங்கியிருந்தது.

கையில் இரண்டு மதிப்பீடுகள் வைத்திருந்தார். பழைய டர்போவையே பிரித்து, பேரிங்கும் அச்சும் மாற்றிப் புதுப்பிக்க ரூ.40,000. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, பந்து பேரிங் கொண்ட பெரிய நவீன டர்போ ஒன்றை, அதற்குத் தேவையான துணைக் கருவிகளுடன் பொருத்த ரூ.4 லட்சம். அந்த நான்கு லட்சம், பட்டறைக்கு ஒரு புதிய இயந்திரம் வாங்குவதற்காக எடுத்து வைத்திருந்த முன்பணம்.

'செலவு, பயன்னு முப்பது வருஷம் பாடம் நடத்தினது நீங்கதானுங்க சார். எதைப் போடலாம், சொல்லுங்க' என்றார்.

உற்பத்திப் பொருளியல் நடத்தியவனுக்கும் டர்போவுக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் கேட்கலாம். வகுப்பறையில் 'உற்பத்தி வாய்ப்பு வளைகோடு' என்று கரும்பலகையில் வரைந்து, ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைக் குறைத்தே ஆக வேண்டும் என்று விளக்க, துப்பாக்கியும் வெண்ணெயும் என்ற சலித்துப்போன உதாரணத்தையே நான் பயன்படுத்தி வந்தேன். டர்போசார்ஜரின் வரலாற்றைப் படித்த பிறகு, இதைவிடத் தெளிவான உதாரணம் வேறில்லை என்று தோன்றியது. அந்த அறிவு ஓய்வுபெற்ற பிறகுதான் வந்தது என்பது என் மாணவர்களின் துரதிருஷ்டம்.

என்ஜினில் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, வெப்பப் புகையாக வெளியே போய்விடுகிறது. வீணாகும் அந்தப் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையில் உள்ள மற்றொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளலாம் என்று சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905இல் காப்புரிமை பெற்றார். காற்று கூடினால் எரிபொருளும் கூட எரியும். சிறிய என்ஜின் பெரிய என்ஜினின் வேலையைச் செய்யும். தொடக்கத்தில் இது விமானங்களுக்கான மருந்தாகவே பார்க்கப்பட்டது. மேலே செல்லச் செல்லக் காற்று மெலிந்து என்ஜின் சோர்ந்துபோவதற்கு மாற்றாக, 1918இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்டு மாஸ், அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலைமுகட்டில், 14,000 அடிக்கும் மேலான உயரத்தில் இதைச் சோதித்துக் காட்டினார். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் காற்றழுத்தம், கடல் மட்டத்தில் இருப்பதைவிடக் கால் பங்கு குறைவு. டர்போ இல்லாத கார் அங்கே மூச்சு வாங்குவதும், டர்போ கார் அவ்வளவாக வாங்காததும் இதனால்தான்.

காருக்குள் வந்தபோதுதான் இதன் குறை வெளிப்பட்டது. விமானம் பல மணி நேரம் ஒரே வேகத்தில் பறக்கும். காரோட்டியோ கணத்துக்குக் கணம் மிதிப்பதும் விடுவதுமாக இருப்பவர். மிதித்தவுடன் புகை பெருகி, சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் வேகம் பிடித்து, காற்று அமுக்கப்பட்டு, பிறகுதான் விசை வரும். இந்த இடைவெளிக்குத்தான் 'டர்போ லேக்' என்று பெயர். காத்திருப்பு என்று சொன்னால் போதும்.

1975இல் விற்பனைக்கு வந்த போர்ஷே 911 டர்போ இதற்குப் பெயர்போனது. மூன்று லிட்டர் என்ஜின், ஒரே ஒரு பெரிய டர்போ, 260 குதிரைத்திறன். வளைவில் மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. ஓட்டுநர் மேலும் மிதிப்பார். அதற்குள் விழித்துக்கொண்ட டர்போ மொத்த விசையையும் ஒரே நேரத்தில் கொட்டும். பின்பக்கம் என்ஜின் கொண்ட அந்தக் கார், வளைவின் நடுவில் பின்புறம் விலகிச் சுழலும். விதவைகளை உருவாக்கும் கார் என்றே அதற்குப் பட்டப்பெயர் உண்டு.

கார்பந்தயத்திலும் இதே கதைதான். 1977இல் சில்வர்ஸ்டோன் ஓடுபாதையில் ரெனோ நிறுவனம் முதல் டர்போ ஃபார்முலா 1 காரைக் களமிறக்கியது. அடிக்கடி பழுதாகிப் புகைவிட்டபடி நின்ற அதற்கு 'மஞ்சள் தேநீர்க் கெண்டி' என்று பெயர் சூட்டிச் சிரித்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1979இல், ஒரு பெரிய டர்போவுக்குப் பதிலாக இரண்டு சிறியவற்றைப் பொருத்தினார்கள். அந்த ஆண்டு டிஷோன் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் ஜான்-பியர் ஜபூயி முதலிடம் பெற்றார். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பெரியது ஒன்றைவிடச் சிறியவை இரண்டு ஏன் மேல்? இங்கேதான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி இருக்கிறது. ஒரே வடிவமும் ஒரே பொருளும் கொண்ட சக்கரங்களில், சுழலத் தயங்கும் தன்மை, அதாவது பள்ளி இயற்பியலில் படித்த நிலைமத் திருப்புத்திறன், விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது. விட்டத்தை 20 சதவீதம் கூட்டினால் தயக்கம் ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். 10 சதவீதம் குறைத்தால், தயக்கம் 40 சதவீதம் குறைந்துவிடும். பாதிப் பாதிக் காற்றைச் சுமக்கும் இரு சிறு சக்கரங்களின் மொத்தத் தயக்கம், முழுக் காற்றையும் சுமக்கும் ஒற்றைச் சக்கரத்தின் தயக்கத்தில் சுமார் 35 சதவீதம்தான். இரண்டாவது டர்போவின் கூடுதல் எடையும் குழாய்களின் சிக்கலும் அதற்குக் கொடுத்த விலை.

உச்ச விசை வேண்டுமானால் பெரிய சக்கரம். உடனடி விசை வேண்டுமானால் சிறிய சக்கரம். பழைய தொழில்நுட்பத்தில் இந்தப் பண்டமாற்று மிகக் கடுமையானது. நான் கரும்பலகையில் வரைந்த வளைகோடு இதுதான்.

நவீன டர்போக்கள் இந்தப் பண்டமாற்றை ஒழித்துவிட்டன என்று விளம்பரங்கள் சொல்கின்றன. அது உண்மையன்று. அவை வளைகோட்டை வெளிப்புறமாக நகர்த்தியிருக்கின்றன. வளைகோடு இன்னும் இருக்கிறது.

எப்படி நகர்த்தின? பழைய டர்போவின் அச்சு, மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மீது மிதந்து சுழலும். புதியவற்றில் பல, பந்து பேரிங்கின்மீது சுழல்வதால் உராய்வு குறைவு. பழைய கம்ப்ரஸர் சக்கரம் அச்சில் வார்த்தது; புதியது திண்ம அலுமினியக் கட்டியிலிருந்து கணினி இயந்திரத்தால் கடைந்தெடுத்தது என்பதால், நடுத்தண்டு மெலிந்து, இதழ்கள் நீண்டு, அதே விட்டத்தில் அதிகக் காற்றைத் தள்ளும். ஒன்றுக்கொன்று இடையூறாகும் சிலிண்டர்களின் புகைத் துடிப்புகளைப் பிரித்து அனுப்ப இரட்டை வழி கொண்ட டர்பைன் கூடு இருக்கிறது. புகையின் வேகத்துக்கேற்பக் கோணம் மாறும் தகடுகள் இருக்கின்றன. டீசல் கார்களில் எப்போதோ வந்துவிட்ட இந்தத் தகடுகள், ஆயிரம் டிகிரியை நெருங்கும் பெட்ரோல் புகையைத் தாங்கும் உலோகம் கிடைத்த பிறகே, 2006இல் போர்ஷே 911 டர்போவில் இடம்பெற்றன. 3.6 லிட்டரில் 480 குதிரைத்திறன். பழைய பட்டப்பெயர் அதற்குப் பொருந்தவில்லை. 2022இல் மெர்சிடிஸ்-ஏஎம்ஜி, டர்போவின் அச்சிலேயே ஒரு சிறு மின்மோட்டாரைப் பொருத்தி, புகை வரும்வரை காத்திராமல் சக்கரத்தைச் சுழற்றும் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2024இல் போர்ஷேயும் தன் 911 ஜிடிஎஸ் காரில், இரண்டு டர்போக்களை நீக்கி, மின்மோட்டார் கொண்ட ஒன்றைப் பொருத்தியது.

வெளியில் தெரியாத மற்றொரு முன்னேற்றம் திறனில் இருக்கிறது. காற்றை அமுக்கினால் சூடாகும். 35 டிகிரிக் காற்றை இருமடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுசெல்லும்போது, 65 சதவீதத் திறன் கொண்ட கம்ப்ரஸரிலிருந்து அது சுமார் 139 டிகிரியில் வெளிவரும். 78 சதவீதத் திறன் இருந்தால் 122 டிகிரிதான். இந்த 17 டிகிரியை, நடுவில் உள்ள குளிர்விப்பான் சுமக்க வேண்டியதில்லை. காற்று குளிர்ந்தால் அடர்த்தி கூடும். பெட்ரோல் முன்கூட்டியே வெடித்து என்ஜினைத் தட்டும் 'நாக்கிங்' குறையும். நம் ஊர் வெயிலில் இது சிறிய விஷயமில்லை.

ஆகவே, பொருள் என்ற முறையில் புதியது மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. 'அந்தக் காலத்து இரும்பு' என்று பெருமூச்சு விடும் கூட்டத்தில் நான் சேரமாட்டேன். ஆனால், மாணவரின் கேள்வி அதுவன்று. அந்த மேன்மையை அவர் எப்படிச் செலவழிக்கப் போகிறார் என்பதே கேள்வி.

வளைகோடு வெளிப்புறமாக நகரும்போது கிடைக்கும் ஆதாயத்தை இரண்டு விதமாக எடுத்துக்கொள்ளலாம். முன்பு இருந்த அதே காற்றளவை, இன்னும் சிறிய சக்கரத்தில், குறைந்த காத்திருப்பில் பெறலாம். அல்லது, முன்பு இருந்த அதே காத்திருப்பை வைத்துக்கொண்டு உச்சக் குதிரைத்திறனை ஏற்றலாம். ரூ.4 லட்சம் மதிப்பீட்டைத் தயாரித்தவர் ஆதாயம் முழுவதையும் இரண்டாவது வழியில் செலவழித்திருந்தார். போதாமல், கடனும் வாங்கியிருந்தார் என்று சொல்ல வேண்டும். அவர் பரிந்துரைத்த சக்கரம் அவ்வளவு பெரியது. தாளின் மேலே கொட்டை எழுத்தில் 300 குதிரைத்திறன் என்று இருந்தது. அது எத்தனை சுற்றில் விழிக்கும் என்று கேட்கச் சொன்னேன். தொலைபேசியில் வந்த பதில்: 3,500க்கு மேல்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். விழிக்கும் சுற்று வேறு; காத்திருப்பு வேறு. என்ஜின் எந்த வேகத்துக்குக் கீழே இருந்தால் எவ்வளவு நேரம் மிதித்தாலும் போதிய அழுத்தம் வராதோ, அது விழிக்கும் சுற்று. அதற்கு மேலே இருக்கும்போது, மிதித்த கணத்துக்கும் விசை வரும் கணத்துக்கும் இடைப்பட்டது காத்திருப்பு. பந்து பேரிங் இரண்டாவதை நன்றாகக் குறைக்கும். முதலாவதை அவ்வளவாக மாற்றாது, ஏனெனில் அது பெரும்பாலும் டர்பைனின் அளவைப் பொறுத்தது. 'பந்து பேரிங் போட்டால் லேக்கே இருக்காது' என்று கடைக்காரர் சொன்னால், அது பாதி உண்மை.

மாணவரின் கார் எங்கே ஓடுகிறது? அவிநாசி சாலையின் சிக்னல்களில்; மாதம் ஓரிரு முறை மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறிலிருந்து குன்னூர் ஏறும் மலைப்பாதையில். கொண்டை ஊசி வளைவிலிருந்து இரண்டாம் கியரில் வெளியேறும்போது என்ஜின் 2,000 சுற்றுக்கு அருகில் இருக்கும். அவரது பழைய சிறிய டர்போ அந்த இடத்தில் ஏற்கெனவே விழித்திருக்கும். புதிய பெரியது உறங்கிக்கொண்டிருக்கும். அது விழிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். நான்கு லட்சம் செலவழித்து, தான் மிகவும் விரும்பும் பாதையில் தன் காரை மெதுவாக்கிக்கொள்வது எந்தப் பொருளியலில் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை.

உச்சக் குதிரைத்திறன் என்ற ஒற்றை எண், ஒரு நாட்டின் மொத்த உற்பத்தி எண்ணைப் போன்றது. பங்கீட்டைச் சொல்லாது. அந்த 1.8 லிட்டர் என்ஜின் தந்தது 150 குதிரைத்திறன். முறுக்கு விசை 210 நியூட்டன் மீட்டர். இன்று இந்தியாவில் விற்கும் 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின் ஒன்று தருவதும் அதே 150 குதிரைத்திறன்தான். ஆனால், முறுக்கு விசை 250 நியூட்டன் மீட்டர். உச்சத்தில் ஒன்றும் மாறவில்லை. இருபது ஆண்டு முன்னேற்றம் முழுவதையும் உற்பத்தியாளர்கள் கீழ்ச்சுற்றுகளில், அதாவது மனிதர்கள் உண்மையில் ஓட்டும் இடத்தில், செலவழித்திருக்கிறார்கள். தயாரிப்பவர் செய்யும் தேர்வுக்கு நேர் எதிரானதைப் பட்டறையில் பணம் கொடுத்துச் செய்துகொள்கிறோம்.

நம் நாட்டில் டர்போ இவ்வளவு பரவியதற்கு வரியும் ஒரு காரணம் என்பதைப் போகிற போக்கில் குறிப்பிட வேண்டும். 4 மீட்டர் நீளத்துக்கும் 1,200 சிசிக்கும் உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு உற்பத்தி வரியை 2006ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை குறைத்தது. அந்தக் கோடு இன்றுவரை தொடர்கிறது. 2025 செப்டம்பர் முதல், கோட்டுக்குள் 18 சதவீத ஜிஎஸ்டி, வெளியே 40 சதவீதம். 1,200 சிசிக்குள் அதிக விசை வேண்டுமென்றால் டர்போவைத் தவிர வேறு வழி குறைவு. வரிக்கொள்கை பொறியியலை வடிவமைத்த கதை அது. தனிக் கட்டுரைக்கு உரியது.

இனி பழுதுக்கு வருவோம். பழைய டர்போ வயதாகி இறந்தது என்று மாணவர் நம்பியிருந்தார். அச்சின் நடுவில் கரிபிடித்த வளையம் ஒன்று இருந்தது. எண்ணெய் போதாமல் சூடேறியதன் தடம் அது. வேகமாக ஓட்டிவந்து உடனே என்ஜினை நிறுத்தினாலும், எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாவிட்டாலும், டர்பைனின் வெப்பம் அச்சுக்குப் பரவி, தேங்கிய எண்ணெய் கருகிப் படியும். எனவே, எந்த டர்போவைப் பொருத்துவதானாலும் முதலில் என்ஜினின் அடித்தொட்டியைக் கழற்றிப் பாருங்கள் என்றேன். கழற்றினார்கள். எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வடிகட்டி, களிம்புபோன்ற கரிய கசடால் பாதிக்கு மேல் அடைபட்டிருந்தது. இரண்டு மதிப்பீடுகளிலும் இந்த வேலை இல்லை. ரூ.4 லட்சம் டர்போ பொருத்தியிருந்தாலும் சில மாதங்களில் அதே மேசைக்கு, அதே போலச் செய்தித்தாளில் சுற்றப்பட்டு வந்திருக்கும். பந்து பேரிங் அழுக்கு எண்ணெயை மன்னிப்பதில்லை. பழையதற்கு உள்ளூரிலேயே பேரிங் மாற்றிச் சமன்செய்து தருவார்கள்; பந்து பேரிங் பழுதானால் பெரும்பாலும் உட்பகுதி முழுவதையுமே மாற்ற வேண்டும்.

மூன்றாவது வழியாக, இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் 'ஒரிஜினல்' ஒன்றையும் யாரோ காட்டியிருந்தார்கள். ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்தே தகவல் சமச்சீரின்மை பற்றி எழுதினார்; அதற்காக 2001இல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது, நல்ல பொருள் சந்தையிலிருந்து விலகி, மட்டமானது தங்கும். வெளிக்கூட்டில் பெயர் பொறிப்பது எளிது. லட்சக்கணக்கான சுற்றில் நடுங்காதபடி சக்கரத்தைச் சமன்செய்வதுதான் கடினம். அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த வழக்கில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க வழிசெய்தது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் என்ன சொல்லும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மதிப்பீட்டுத் தாளில் இந்தச் செலவுக்கு வரி எண் கிடையாது.

ஓடுபாதைக்காக மட்டுமே ஒரு காரைத் தயார் செய்பவருக்கு என் பதில் வேறு. கோவை செட்டிப்பாளையம் அருகே கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ ஓட்டுபவரின் என்ஜின், பெரும்பாலும் மேல்சுற்றுகளிலேயே இருக்கும். அவர் பழைய வடிவமைப்பில் காசைப் போடுவது வீண். நவீனமானதையே வாங்கட்டும், மனம் கேட்கும் அளவைவிட ஒரு படி சிறியதாக. அவர்கூட, எரிபொருள் பம்பு, இன்ஜெக்டர், கிளட்ச், குளிர்விப்பான் ஆகியவற்றுக்கு முதலில் பணம் ஒதுக்கிவிட்டு, மீதியில் டர்போவைப் பார்க்க வேண்டும். எதிர்முனையில், 1975ஆம் ஆண்டு போர்ஷே போன்ற ஒன்றைப் பாதுகாத்து வைத்திருப்பவருக்குக் காத்திருப்பும் பாரம்பரியத்தின் ஒரு பகுதி. அதைக் குறையென்று நீக்குவது, பழைய கோயில் தூணுக்கு வண்ணம் அடிப்பதைப் போன்றது.

என் மாணவர் இந்த இருவரில் எவருமில்லை. வடிகட்டியையும் எண்ணெய்க் குழாயையும் மாற்றி, பழைய டர்போவைப் புதுப்பித்துப் பொருத்தினார். மொத்தம் ரூ.52,000 ஆனது. இயந்திரத்துக்கான முன்பணத்தை மறுவாரமே கட்டிவிட்டார். நான்கு லட்சம் மதிப்பீட்டுத் தாளை மட்டும் இன்னும் காரின் முன்பெட்டியில் வைத்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஏற்றிக்கொண்டு குன்னூர் சென்றபோது, அதைப் பார்த்தேன். கிழிக்க வேண்டாம் தம்பி, அந்த 300 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 3,500 என்பதையும் எழுதி வையுங்கள் என்றேன். எழுதினாரா என்று தெரியவில்லை. வளைவுகள் நெருக்கமாக வந்துகொண்டிருந்தன.